ஸீனா அம்மாவின் கடைசி நாட்கள்

ஒரு முதியவளைக் குளிரில் சாகவிட்டவன் நான்.

யாரும் என்னை விசாரிக்கவில்லை. யாரும் என்னை நோக்கி விரல் நீட்டவில்லை. திருகோணமலையில் ஓட்டோ ஓட்டி, மனைவியோடு அமைதியாக வாழ்கிறேன். நீங்களும் ஒருநாள் என் ஓட்டோவில் ஏறியிருக்கக் கூடும். தன்மையான மனுசன் என்று எண்ணி இறங்கியிருப்பீர்கள்... அந்த எண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்!

என் சொந்த ஊர் இலங்கைத்துறை. கடல் தொழில் கைவிட்ட ஒரு காலத்தில், ஏஜென்சிக்காரர் ஒருவர் மூலம் ரஷ்யாவில் ஒரு பால்பண்ணைக்கு வேலைக்குப் போனேன். பெரிய நகரமொன்றைக் கற்பனை செய்துகொண்டு போனவனை, காட்டுக்கும் வயலுக்கும் நடுவே கொண்டுபோய் இறக்கினார்கள்.

பண்ணையிலிருந்து வயல்வெளியைக் கடந்தால் சஸ்னோவ்கா என்றொரு கிராமம். கிராமம் என்று சொல்லலாமா? மரவீடுகள் வரிசையாக நின்றன. பலவற்றின் கூரை உள்ளே விழுந்து, நடுவீட்டில் மரம் முளைத்திருந்தது. இரண்டு புகைபோக்கிகளில் மட்டும் புகை வந்தது. ஒன்று ஸீனா அம்மாவின் வீடு. மற்றையது காது கேளாத ஒரு கிழவருடையது.

பண்ணை மேலாளர் பாவெலின் தாய்க்கு ஸீனா அம்மா சிநேகிதியாக இருந்தவர். அதனால் மாலையில் பாலும் பாணும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைப் பாவெல் என்னிடம் ஒப்படைத்திருந்தார். போனால் விறகும் பிளந்து கொடுப்பேன். அவர் தேநீர் ஊற்றித் தருவார், ஓயாமல் கதைப்பார். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே நான் ரஷ்ய மொழி பழகினேன்.

அவர் யன்னலால் கைகாட்டி, ஊரின் கதையை வீடு வீடாகச் சொன்னார். இது கொல்லனின் வீடு. அது பள்ளிக்கூடம், பிள்ளைகளுக்கு ஸீனா அம்மாதான் அங்கே சமைத்துப் போட்டவர். முன்பு ஊரைச் சுற்றி, நாருக்கும் எண்ணெய்க்குமாக ஆளிச்செடி விதைப்பார்களாம். பூத்தால் வயலெல்லாம் நீலமாம். பெரிய யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத ஆண்களின் பெயர்களை ஊர் எல்லையில் ஒரு கல்லில் வெட்டியிருந்தார்கள். நான் போன காலத்தில், அந்தக் கல்லில்தான் அதிகம் பேர் இருந்தார்கள். பிறகு கூட்டுப்பண்ணை உடைந்தது, பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், பேருந்தும் நின்றது.

சனம் எப்படி இல்லாமற் போனது என்று கேட்டேன்.

"ஒரேயடியா ஒருத்தரும் போகேல்லை, பிள்ளை. ஒவ்வொருத்தரா, 'வாறம்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவை."

எங்கள் ஊரும் ஒருமுறை வெறுமையான கதையை நான் சொன்னேன். சண்டையில் ஷெல் குண்டுகள் விழ, உலையில் வைத்த சோற்றையும் விட்டுவிட்டு ஊரே நடந்த கதை.

"பிறகு திரும்பி வந்தனீங்களோ?"

"ஓம். கனபேர் வந்தம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பொறாமையாக இருந்தது அந்தப் பார்வை.

இலையுதிர் காலத்தில் அந்தக் கிழவர் இறந்துபோனார். சஸ்னோவ்காவின் சனத்தொகை ஸீனா அம்மா ஒருவராயிற்று! மாரிக்கு முன்னர் தாயைக் கூட்டிப்போக மகள் வேரா பட்டணத்திலிருந்து வந்தாள். தாய் போக மறுத்தார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, வேரா அழுதுகொண்டு தனியே திரும்பினாள். பாவெல் அந்த நாட்களில் விடுமுறையில் இருந்தார். மகளோடு தாய் போய்விட்டார் என்றே பண்ணையில் எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் போகவில்லை என்பது பண்ணையில் எனக்கு மட்டும் தெரியும்; இருட்டில் போய் வருபவனை யாரும் கவனிப்பதில்லை.

அதன் பிறகு அவர் என்னை எழும்ப விடுவதில்லை. "இன்னும் கொஞ்சம் இரு" என்பார். விடியுமுன் எழுந்து மாடுகளோடு மாரடித்தவன் நான். கால் விறைக்க வயலைக் கடந்து போய், அதே கதைகளைக் கேட்டு, இருட்டில் திரும்பி வரவேண்டும். சலித்துப்போனேன். பகையல்ல, வெறுப்பல்ல... வெறும் சலிப்பு! ஒரு உயிரைக் கொல்ல அது போதும் என்று நீங்கள் அறிவீர்களா?

முதற் பெரும்பனி கொட்டிய அன்று, பாதையில் பனி தள்ளும் டிராக்டர்க்காரன் பண்ணைக்குத் தேநீர் குடிக்க வந்தான். விடுமுறை முடிந்து வந்திருந்த பாவெல் என் பக்கம் திரும்பினார்.

"சஸ்னோவ்காவில ஆரும் இருக்கினமோ? ஸீனா மகளோட போட்டாதானே?"

"ஓம், போட்டா," என்றேன். "அங்க ஒருத்தரும் இல்லை."

சஸ்னோவ்காப் பாதையைத் திறக்காமலே டிராக்டர் மறுபக்கம் திரும்பிப் போனது.

ஏன் சொன்னேன்? இருக்கிறார் என்றால் அன்றும் என்னைப் பாலோடு அனுப்புவார்கள். அன்று ஒரு மாலை மட்டும் சூடான அறையில் கால்நீட்டிப் படுத்திருக்க ஆசைப்பட்டேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் சொன்னால் பொய்யன் ஆவேனே... அதற்கு மறுநாள் இன்னும் பெரிய பொய்யன். காற்றும் பனியும் ஓயாமல் அடித்தன. மாட்டுத் தொழுவத்து யன்னலால் பார்ப்பேன். வெளிக்கு அப்பால் மெல்லிய புகை எழும். இருக்கிறார், சுகமாக இருக்கிறார் என்று ஆறுதல் கொள்வேன்.

ஒருநாள் புகை இல்லை.

மகள் வந்து கூட்டிப்போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதையில்லாத ஊருக்கு அவள் எப்படி வந்திருப்பாள்? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்க எவ்வளவு பாடுபட்டேன்!

கோபம் தணிந்த வேரா, தாயின் தொலைபேசிக்கு இணைப்பே கிடைக்கவில்லை என்று பாவெலை அழைத்தாள். பாவெல் பதறிப்போய் டிராக்டரை வரவழைத்தார். நானும் ஏறிப் போனேன்.

ஸீனா அம்மா மேலங்கியோடும் சால்வையோடும் கட்டிலில் கிடந்தார். கதிரைகளை உடைத்து எரித்திருந்தார். பிளக்காத மரக்கட்டைகள் சுவரோரம் அப்படியே கிடந்தன. அவற்றைப் பிளக்கும் பலம் அவருக்கு இல்லை. வாசலிலிருந்து வேலிப் படலைவரை, பண்ணைப் பக்கமாக, பனியை வெட்டி ஒரு ஒடுங்கிய வழி செய்திருந்தார். அது பாதி மூடிக் கிடந்தது. மண்வெட்டி படலையடியில் நின்றது.

யாருக்கு அந்த வழி? யார் வருவான் என்று அதை வெட்டினார்?

வெளியே பாவெல் டிராக்டர்க்காரனைப் பிடித்து உலுக்கினார். "இவன்தானே ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னவன்!" என்று அவன் என்னைக் காட்டினான்.

"அவனுக்கு எங்கட பாஷை விளங்கேல்லை," என்றார் பாவெல், அன்று கேட்டது தானே என்பதை மறந்தவர்போல. "வெளிநாட்டான். அவனில பிழையில்லை."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது! அன்றைய கேள்வியும் விளங்கியது, என் பதிலும் விளங்கியது. நானோ விளங்காதவன்போல விழித்துக்கொண்டு நின்றேன். டிராக்டர்க்காரனின் வேலை போயிற்று. அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அடக்கத்தில் வேரா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அம்மாவுக்கு நீ ஒரு பிள்ளை" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்தக் கையால்... கோடையில் சஸ்னோவ்காவின் பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். ஒப்பந்தம் முடிந்து நானும் ஊர் திரும்பினேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால், செய்தது ஒரு குற்றம் என்று சொல்லலாம். முடியவில்லை.

வேரா தொலைபேசியில் குரற்செய்தி அனுப்பத் தொடங்கினாள். கடைசி நாட்களில் அம்மா என்ன சொன்னார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். தாயோடு சண்டையிட்டுப் பிரிந்த மகள் அல்லவா... வேறு யாரிடம் கேட்பாள்? பாதை மூடும்வரை நான் போய் வந்ததாகச் சொன்னேன். அம்மா பால் குடித்தா, உங்களைப் பற்றிக் கதைத்தா, சிரித்தா என்றேன். அவள் இன்னும் கேட்டாள். நான் இன்னும் சொன்னேன். நான் போகாத மாலைகளை ஒவ்வொன்றாக உண்டாக்கிக் கொடுத்தேன். உறங்குமுன் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதாக அவள் சொல்கிறாள்.

உண்மையைச் சொன்னால் அதையும் அவளிடமிருந்து பறித்துவிடுவேன். சொல்லாவிட்டாலோ, அவளுடைய துக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறேன். இது இரக்கமா, கோழைத்தனமா? இரக்கம் என்று சொல்லி என்னைத் தப்பவிடாதீர்கள்.

அந்நியத் தாய் ஒருத்திக்குப் பிள்ளையாக இருந்தவன் என்று என் மனைவி கலாவுக்கு என்னில் பெருமை. இன்று காலையும் தொலைபேசியைக் கொண்டுவந்து தந்தாள்.

"இஞ்சேருங்கோ, வேரா அக்கா ஏதோ அனுப்பியிருக்கிறா. பாவம், பதில் போடாம விட்டுடாதேங்கோ."

துறைமுக வீதியில், வாகை மர நிழலில் ஓட்டோவை நிறுத்திக் கேட்டேன். வேராவின் குரல் தளர்ந்திருந்தது. "அம்மா என்னில கோவத்தோடயோ போனவ? அதை மட்டும் இன்னொருக்காச் சொல்லு."

எதிரே மீன்பிடிப் படகுகள் அசையாமல் நின்றன. யாரோ வெயிலில் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸீனா அம்மா பழக்கிய அதே மொழியில், ஒரு பிழையும் இல்லாமல் தொடங்கினேன்:

"இல்லை அக்கா. அண்டைக்குப் பின்னேரம் நான் போகேக்க, அம்மா உங்கட படத்தைத் துடைச்சுக்கொண்டு இருந்தவ..."