புகார் இல்லாத சர்வர்

ஸ்டோரேஜ் பார்ப்பவனுக்கு வருகிற போன் எல்லாம் திட்டுவதற்காகத்தான் வரும். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. நான் இருப்பது செம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டர் பார்க்கும் திரை, லேப், பில்லிங், பழைய கோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சர்வர். ஆனால் அத்தனையும் தகவலை வைப்பதும் எடுப்பதும் ஒரே ஸ்டோரேஜில். ஒரு சர்வர் அள்ளிக்கொண்டு போனால் மற்றதெல்லாம் காத்துக் கிடக்கும். அதனால் அவசரமில்லாத சர்வர்களுக்கு நொடிக்கு இவ்வளவுதான் என்று லிமிட் போடுவோம். போடுகிற ஆள் நான்.

யார் அவசரம்?

காலை பத்து மணிக்கு ஓ.பி.டி. என்கிற வெளிநோயாளிகள் பிரிவில் திரை அப்படியே நின்றுவிடுகிறது என்று டாக்டர்கள் ஒரு மாதமாகக் கத்தினார்கள். மேனேஜர் தேஷ்முக் சாப், சர்வர்களை வரிசைப்படுத்தச் சொன்னார். எது முக்கியம் என்று துறை துறையாகப் போய்க் கேட்டேன். எல்லோருமே நாங்கள்தான் என்றார்கள். சரி என்று, ஆறு மாதத்தில் எந்தச் சர்வர் மேல் எத்தனை புகார் என்று ஹெல்ப்டெஸ்க்கில் எடுத்து, புகார் அதிகமானதை மேலே வைத்தேன். யோசனை என்னுடையது. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கடைசியில் நின்றது, பழைய நோயாளிகளின் காகிதக் கோப்புகளை ஸ்கேன் செய்து ஏற்றும் சர்வர். ஒரு புகார்கூட இல்லை. அந்த அறையை ஒரு தடவை போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தேஷ்முக் சாப் தலையைத் தூக்காமல் சொன்னார்: “கம்ப்ளைண்ட் நஹீ ஹை தோ ப்ராப்ளம் நஹீ ஹை.” புகார் இல்லையென்றால் பிரச்சினையும் இல்லையாம்.

முதல் பாராட்டு

அந்தக் கடைசி சர்வருக்கு லிமிட் போட்ட மறுநாள் ஓ.பி.டி. தடையில்லாமல் ஓடியது. என்னைத் தினமும் திட்டுகிற மாட்டுங்காத் தமிழ் டாக்டர் ஒருவர் லிஃப்டில் பிடித்து நிறுத்தினார். “என்னப்பா, கம்ப்யூட்டர் இன்னிக்கு நன்னா ஓடறதே. நீ லீவோ?”

அடித்தளத்து அறை

இரண்டு மாதம் கழித்து, ஒரு கேபிள் மாற்ற அடித்தளத்துக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. ஐந்து பெண்கள் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். சுவரில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அன்றன்றைக்கு முடித்த கோப்புகளின் எண்ணிக்கை. சீத்தா கேம்ப்பிலிருந்து வரும் ஜெசிந்தா அக்கா பெயர் கடைசியில், சிவப்பு மையில். தமிழ் ஆள் என்று தெரிந்ததும் அக்காவே பேச ஆரம்பித்தார்.

“எனக்கு விரலு மெதுவாயிட்டு தம்பி. போன வருசம்லாம் நான்தான் முதல்ல நிப்பேன். இப்ப சேவ் அமுக்கிட்டு பாத்துக்கிட்டே இருக்கணும். இந்த மாசமும் கொறஞ்சா காண்ட்ராக்ட் கெடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாவ.”

பழகிய கை என்று தடித்த கோப்புகளையெல்லாம் அக்காவிடம்தான் கொடுத்திருந்தார்கள்; ஏற அதிக நேரம் எடுப்பவை அவைதான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அது எதனால் என்று அந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் தெரியும். ஏன் அக்கா ஒரு புகார்கூடப் போடவில்லை என்று கேட்டேன். “அதுக்கு லாகின் வேணுமாம்லா. காண்ட்ராக்ட் ஆளுக்கு அது கெடையாது தம்பி.”

கமிட்டி

மேலே ஓடிப் போய், அந்த லிமிட்டை எடுத்துவிடலாம் என்றேன். எடுப்பதற்கும், சர்வர் மாற்றங்களைப் பார்க்கும் கமிட்டியின் அனுமதி வேண்டும். படிவத்தில் ‘எத்தனை புகார்’ என்று ஒரு கட்டம். பூஜ்யம் என்று எழுதினேன். கமிட்டிக் கூட்டம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அனுமதிக்குக் காத்திராமல் நானே எடுத்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. எனக்குப் பயம். படிவத்தைக் கொடுத்தபோதே தேஷ்முக் சாப் இந்தியில் கேட்டிருந்தார்: “ஓ.பி.டி. மறுபடி நின்னா யார் பேரைச் சொல்லட்டும், உன் பேரையா?”

பஸ் ஸ்டாப்

மாதக் கடைசியில் ஜெசிந்தா அக்காவை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் டிபன் பையோடு நின்றிருந்தார். பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன்: லிமிட், பட்டியல், நான் செய்தது, செய்யாமல் விட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா தன் விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“அப்ப எங் கையில கோளாறு இல்லை. இதை சூப்பர்வைசர்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா தம்பி?”

அடுத்த வாரம் கமிட்டி கூடி லிமிட்டை எடுத்தது, அடித்தள அறையில் வேலை பறந்தது, மெதுவான ஆட்களை மாற்றியதன் பலன் என்று சூப்பர்வைசர் மேலே எழுதியனுப்பினார், அந்த அறிக்கையையும் நான்தான் ஸ்டோரேஜில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.