ஒரே கட்டையில் இரண்டு சக்கரம்

எங்கள் பிழைப்பு எரு. கம்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடு வைத்திருப்பவர்களிடம் மக்கிய சாணி எருவை வாங்கி, சாக்கில் கட்டி, பிக்கப் வண்டியில் ஏற்றி, கம்பம் மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களில் கொண்டுபோய் இறக்குவோம். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர். எருவைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதும், சாக்கு தைப்பதும், தோட்டத்துக் கங்காணியிடம் பேசுவதும் நான். கல்யாணமான புதிதில் சேலையில் ஒட்டிய அந்த வாடை போகவில்லையே என்று அழுதிருக்கிறேன். பிறகு எனக்கே அது தெரியாமல் போய்விட்டது.

எங்கள் பழைய வண்டிக்கு முன்பக்கம் கட்டை ஆக்சில். இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரைக்கும் ஒரே இரும்புக் கட்டை, அதற்கு மேல் அடுக்கடுக்காக ஸ்பிரிங் பிளேட். என் பக்கத்துச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் அவர் பக்கமும் சேர்ந்து ஆடும். அவர் பக்கம் பள்ளத்தில் விழுந்தால் எனக்குப் பல் கிட்டும். முரட்டு வண்டிதான். ஆனால் எந்தப் பாதையிலும் நின்றதில்லை.

சின்னமனூரில் இருக்கும் என் அண்ணன் வாழைத்தார் ஏற்றுகிறவர். அவர் வாங்கிய வண்டி புது மாதிரி. முன்சக்கரம் இரண்டும் தனித்தனி. ஒன்று ஏறி இறங்குவது மற்றதற்குத் தெரியாது. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சுத்தான்.

"மாப்ள, இன்னமும் எவன் கட்டை ஆக்சில் வண்டி ஓட்டுறான்? என் வண்டியில டீய வச்சுட்டு ஓட்டுனாக்கூடச் சிந்தாது."

"உங்க டீ சிந்தாது மச்சான். எரு மூட்டையோட எங்க தோட்டத்துப் பாதையில ஒரு நட ஏறி வாங்க. எது சிந்துதுன்னு பாப்போம்."

காது குத்துக்குப் போனாலும் இதுதான், கருமாதிக்குப் போனாலும் இதுதான். சாப்பாட்டுப் பந்தியில் இலையை வைத்து ஆக்சில் காட்டுவார்கள். நானும் அண்ணியும் எழுந்து கை கழுவப் போய்விடுவோம்.

என் வீட்டுக்காரருடைய இடுப்பு எப்போது கெட ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் வண்டியிலிருந்து இறங்கும் விதம் மாறியது. கதவைப் பிடித்துக்கொள்வார், ஒரு காலைக் கீழே வைப்பார், மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார், பிறகுதான் அடுத்த கால். அனுமந்தன்பட்டியில் ஒரு நாள் காலை, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. எருக் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்து நாலு பேராகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள்.

தேனியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கிவிட்டது என்றார். என்ன வண்டி, என்ன பாதை என்று கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணு வண்டிய மாத்துங்க, இல்லன்னா வேலைய மாத்துங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். உட்கார்ந்தால் வலி. உத்தமபாளையம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"வேலைய மாத்தி வேறென்ன செய்ய?"

"அப்ப வண்டிய மாத்துவோம்" என்றேன்.

கம்பம் வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பழைய வண்டியை வெளியூர் ஆள் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அண்ணன் முன்னால் நின்று, ஒரே ஆள் ஓட்டியிருந்த புது மாதிரி வண்டியைப் பிடித்துக் கொடுத்தார். முதல் நாள் மெட்டு ஏறும்போது என்னை அறியாமல் தூங்கிவிட்டேன். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் தூங்கி, செக்போஸ்டில் வண்டி நின்றபோதுதான் கண் விழித்தேன்.

"பாரு, மகாராணி பல்லக்குல வர்றாக" என்று சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த மாதங்கள் நன்றாகவே போயின. அவர் ஒரே மூச்சில் வண்டியிலிருந்து இறங்கினார். படுக்கும்போது நான் தைலம் தேய்த்துவிட வேண்டியிருக்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பாதை மாறவில்லையே. தார் ரோடு முடிந்த பிறகு உள்ளே போவது பாதை என்று பேருக்குத்தான். உருட்டுக் கல்லும், மழைத் தண்ணீர் அறுத்த பள்ளமும். பழைய வண்டியில் சக்கரம் கல்லில் ஏறினால் கட்டையும் கூடவே மேலே ஏறிவிடும். இதில் சக்கரம் மட்டும் ஏறும், வண்டியின் அடிவயிறு தாழ்ந்தே கிடக்கும். கல் அடியில் உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடித் திறப்பார். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. கம்பத்தில் ஒர்க்ஷாப்புக்கு நடையாக நடந்தோம்.

"அக்கா, இதுல மூட்டு ஜாஸ்தி. மனுசனுக்கு மாதிரித்தேன். பாரமும் கல்லும் சேந்தா மொதல்ல மூட்டுதேன் போகும்" என்றார் மெக்கானிக். தோட்டத்துக்கு உள்ளே போகாதீர்கள் என்று அவரும் சொல்லவில்லை. சொன்னாலும் போயிருப்போம்.

தென்மேற்கு மழை பிடித்த நேரம். மதியம். முழு லோடு. தோட்டத்து எருக் கொட்டகைக்குக் கீழே உள்ள திருப்பத்தில் அவர் பக்கத்துச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி மூக்குக் குத்தி நின்றது. இறங்கிப் பார்த்தேன். சக்கரம் ஒடிந்த கால் மாதிரி வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைப் பிடித்திருந்த மூட்டுக் கழன்று தொங்கியது.

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லப்போகிறார் என நினைத்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"மூட்டைய இறக்கணும். பாரத்தோட ஜாக்கி வைக்க முடியாது" என்றார்.

மேலே ஏறிப்போய்க் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டேன். எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள், தினமும் ஜீப்பில் மலையேறி வருகிறவர்கள். தலையில் பிளாஸ்டிக் தாளோடு இறங்கி வந்தார்கள். நனைந்த எரு மூட்டை இரட்டைப் பாரம். காலில் அட்டை ஏறியது. யாரும் குனிந்து எடுக்கவில்லை, எடுக்க நேரமில்லை.

"ஆத்தாடி, உன் எருவத் தூக்குறதுக்கு உன் வண்டியவே தூக்கிரலாம்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரும் ஒரு மூட்டையின் காதைப் பிடித்தார்.

"அதத் தொட்டீகன்னா நான் இங்கனயே உக்காந்துருவேன்" என்று கத்தினேன்.

கையை எடுத்துவிட்டார். பத்துப் பெண்கள் சுமக்க, அவர் மழையில் ஓரமாக நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார், மறுபடி கட்டிக்கொண்டார். வண்டி உடைந்ததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போனில் சொன்னதும், பொழுது சாய்வதற்குள் அண்ணன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, உடைந்த பாகத்துக்கு மாற்றும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தார் ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தே ஏறி வந்திருந்தார். வேட்டியெல்லாம் சேறு. வண்டியைப் பார்க்கவில்லை, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுலயா மாப்ள இத்தன வருசமா ஏறி எறங்குன?"

"ஆமா மச்சான்."

அவ்வளவுதான். ஆக்சில் பேச்சு அதோடு ஓய்ந்தது. அது என்றைக்கு ஓயும் என்று ஏங்கியவள் நான். ஓய்ந்தபோது ஒரு நிம்மதியும் வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் உள்ளே போவதில்லை. தார் ரோடு முடியும் இடத்தில் மூட்டையை இறக்குவோம், தோட்டத்து ஜீப் வந்து எடுத்துக்கொண்டு போகும். வரும்படி குறைந்தது. இடுப்பு மிஞ்சியது.

அது பழைய ஜீப். முன்னாலும் பின்னாலும் கட்டை ஆக்சில். ஓட்டுகிறவர் கட்டப்பனைப் பக்கத்து மலையாளி, முப்பத்தைந்து வயது இருக்கலாம். மத்தியானம் பொட்டலத்தை பானட்டின் மேல் விரித்து, நின்றபடியே சாப்பிடுவார்.

"உக்காந்து சாப்பிடலாம்ல தம்பி" என்றேன் ஒரு நாள்.

"இருந்தா பின்னே எணீக்கான் பாடா, சேச்சி."

உட்கார்ந்தால் எழுவது பாடாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் வீட்டுக்காரர் மூட்டை எண்ணுவதை விட்டுவிட்டு அவரிடம் போனார். தன் இடுப்பில் கை வைத்து இங்கேயா, இங்கேயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டையைத் தூக்கி, வலிக்காக இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்தார். அந்தத் தம்பி வேண்டாம் வேண்டாம் என்றார். இவர் விடவில்லை, நின்று கட்டிவிட்டுத்தான் வந்தார்.

மெட்டு இறங்கும்போது நான் கேட்டேன்: "டாக்டரப் பாக்கச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"பாத்தா, வண்டிய மாத்தச் சொல்லுவாகளாம். வண்டி மொதலாளியோடது. மாத்துனா டிரைவரைத்தேன் மாத்துவாகளாம்."

கீழே பள்ளத்தாக்கு தென்னையும் திராட்சைப் பந்தலுமாகப் பச்சையாகக் கிடந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி இறங்கினோம்.

கார்த்திகை பிறந்து சில நாளில் ஜீப்பில் வேறொருவர் வந்தார். கம்பத்துப் பையன்தான், வாட்டசாட்டமான ஆள். முன்னே இருந்தவர் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார், வேறு விவரம் தெரியவில்லை. மூட்டைகளை விறுவிறுவென்று ஜீப்புக்கு மாற்றினார். என் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகு எப்படிப்பா இருக்கு?"

அந்தப் புது ஆள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே திரும்பினார்.

"நல்லாத்தேன் இருக்கு. ஏண்ணே கேக்குறீக?"

"சும்மாதேன்" என்றார் இவர்.