கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று

எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்த நாளில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு படுக்கையறை வீட்டில் நாங்கள் ஏழு பேர் நெருங்கிக் கிடந்த காலத்தில் தொடங்கிய சங்கம் அது. அந்த ஏழு பேரும் எந்தத் தீர்மானத்துக்காவது ஒன்றாகக் கைதூக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது யூனியன்வில்லில், அந்த ஏழு பேரில் ஒருவனான என் நண்பனுடைய வீட்டு பேஸ்மென்டில், ஒரு பெண் எழுந்து, "இந்தமுறை தலைவர் பதவிக்கு நான் நிக்கிறன்" என்றவுடன் முப்பது முகங்கள் மலர்ந்தன. ஒருவர் கைகூடத் தட்டினார். வாக்கெடுப்பு அடுத்த மாதம் என்று முடிவாயிற்று.

அவர் ஒரு தாதி. பத்து வருடமாக எங்கள் கோடை ஒன்றுகூடலை நடத்துகிறவர். பூங்காவில் இடம் பிடிப்பதும், கயிறிழுத்தல் போட்டிக்கான கயிற்றைத் தன் காரிலேயே வைத்துப் பாதுகாப்பதும், மழை பெய்தால் எங்கள் எல்லோரையும் ஏசுவதும் அவர்தான். அதுவரை எந்தப் பதவியும் கேட்டதில்லை.

என் சந்தேகத்துக்கு இன்னொரு காரணம் என் பைக்குள் கிடந்தது. நூலகத்தில் எடுத்த, தலையணை அளவு அமெரிக்க வரலாறு. அதைச் சப்வேயில் வாசிப்பேன். வாசிப்பேன் என்பதைவிட, வாசிப்பது மற்றவர்களுக்குத் தெரியும்படி பிடித்திருப்பேன் என்பது சரி. அந்தக் குடியரசு பிறந்து நாற்பது வருடம்கூட ஆகாத காலம். பிரிட்டனோடு சண்டை பிடித்து, அந்தச் சாட்டில் இந்த ரொறன்ரோவுக்கும் வந்து சட்டசபையை எரித்துவிட்டுப் போனவர்கள், ஊருக்குத் திரும்பி, ஒரே தேசம், ஒரே கட்சி என்று பூரித்துப் போயிருந்தார்கள். நல்லெண்ணக் காலம் என்று ஒரு பத்திரிகை அதற்குப் பெயரும் வைத்தது. சில வருடங்களுக்குள், அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதில், வடக்கும் தெற்கும் முகம் பார்த்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டன. அதை வாசித்த பிறகு, கூட்டமாகச் சிரிப்பவர்களை என்னால் நம்ப முடியவில்லை.

கூட்டம் முடிந்து சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தபோது நண்பன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"மச்சான், சிரிச்சவையெல்லாம் சிரிச்சபடி இருக்கப் போறதில்லை. கிழக்கு ஆக்களுக்கு ஒரு கதை, மேற்கு ஆக்களுக்கு ஒரு கதை. சங்கம் உடையப் போகுது. நீ உந்தத் தடிச்ச புத்தகத்தைக் காவிக்கொண்டு திரியிறாய், உதுக்குள்ள ஒரு வழி இல்லையே?"

நாங்கள் விட்டுவந்த ஊரைத் தார் ரோட்டு இரண்டாகப் பிரிக்கும். கிழக்கே கோயில், மேற்கே பள்ளிக்கூடம். நானும் அவனும் கிழக்கு. என் மனைவி மேற்கு.

என்னிடம் ஒருவர் வழி கேட்டால் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் தெரியாது. வழி இருந்தது. அமெரிக்கர்கள் அந்தச் சிக்கலைத் தராசு பிடித்துத் தீர்த்திருந்தார்கள். அடிமை முறை உள்ள ஒரு மாநிலம் உள்ளே வந்தால், அது இல்லாத ஒன்றும் கூடவே வரவேண்டும். இனி வரப்போகும் மாநிலங்களுக்காக வரைபடத்தில் ஒரு கோடு. அன்றைக்கே நான் சங்கத்தின் யாப்பு விதிகளுக்கு ஒரு திருத்தம் எழுதினேன்: தலைவர் கிழக்கென்றால் செயலாளர் மேற்கு, அடுத்தமுறை மாறும். வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. நான் எழுதிய எதற்கும் இப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. அந்த ஒன்றுக்காகவே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தநாள் அந்தத் தாதி ஃபோன் எடுத்தார்.

"அண்ணை, உங்கட திருத்தம் வாசிச்சன். எங்கட வீடு எந்தப் பக்கம்?"

"உங்கட வீடு குளத்துக்கு அங்கால..."

"ஓம், அங்கால. அது கிழக்கோ, மேற்கோ?"

"பாத்துச் சொல்லுறன்" என்றேன். பிறந்த ஊரை எதில் பார்ப்பதாம்?

குளத்துக்கு அங்காலே இருந்தவர்களைக் கோயிலுக்குள்ளும் விடாத, கிணற்றிலும் அள்ள விடாத ஊர் எங்களுடையது; கிழக்கு, மேற்கு என்று எண்ணும்போதும் அவர்களை எண்ணுவதில்லை. சங்கத்தில் சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. உச்சரிக்காததால் அது இல்லை என்பது எங்கள் ஏற்பாடு.

"உதை எழுதச் சொன்னது ஆர்?" என்று கேட்டாள் மனைவி. சொன்னேன்.

"பின்னை விளங்கேல்லையே? அவைக்கு அந்தப் பிள்ளை வேண்டாமெண்டு சொல்ல வாய் வரேல்லை. உங்கட கையால எழுதுவிச்சிட்டினம்."

நண்பன்மீது ஆத்திரம் வந்தது. புத்தகத்தைத் திறந்தேன். அந்தத் தராசில் மாநிலங்களை நிறுத்தவர்கள், கோட்டுக்குக் கீழே விலங்கோடு கிடந்த மனிதர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தது. முதல்முறை அதை நான் தாண்டிப் போயிருந்தேன். அவ்வளவு பெரிய கொடுமையை மூடிக்கட்டிய கோட்டை எடுத்து ஊர்ச் சங்கத்துக்குப் பாவித்த மேதை நான். பத்து வருடம் அவர் சுட்டுக் கொண்டுவந்த கட்லட்டைத் தின்றிருக்கிறேன். எழுதும்போது அவர் வீட்டை மறந்தேனா, மறப்பது வசதியாக இருந்ததா? அன்றிலிருந்து நண்பனைவிட என்மீதுதான் எனக்குச் சந்தேகம்.

வாக்கெடுப்பு நாளில் எழுந்து, திருத்தத்தை மீளப்பெறுகிறேன் என்றேன். அதை ஆமோதிக்க ஒருவர் வேண்டும். பலர் குனிந்து ஃபோனைப் பார்த்தார்கள்.

"நான் ஆமோதிக்கிறன்" என்றாள் மனைவி. "மேற்கிலயிருந்து."

ஒவ்வொன்றாகக் கைகள் எழும்பின. நண்பன் சுற்றிவரப் பார்த்தான். பாதிக்குமேல் எழும்பிய பிறகு தன் கையையும் தூக்கினான். மனம் மாறியா, எண்ணிப் பார்த்தா, எனக்குத் தெரியாது.

பிறகு, அவர் தலைவராக வேண்டுமா வேண்டாமா என்று கடதாசியில் எழுதி வாக்குப் போட்டோம். அவர் சொற்ப வித்தியாசத்தில் வென்றார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வெளியே கார்களுக்கு நடுவில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"கோட்டை அழிச்சிட்டியள் அண்ணை, நன்றி. ஆனா அது எந்த இடத்தால போகுதெண்டு எனக்கு இப்ப தெரியும்."

அவர் காரின் பின்கதவைத் திறந்தார்.

"கயித்தை இனி நீங்கள் வச்சிருங்கோ. பத்து வருசம் நான் காவினது போதும்."

நினைத்ததைவிடப் பாரம். பாதி தூக்கியபோது பின்னால் நண்பனின் குரல்.

"மச்சான், ஒரு பக்கம் நான் பிடிக்கட்டோ?"

கயிற்றின் ஒரு முனையை அவனிடம் கொடுப்பதா என்று யோசித்தபடி நின்றேன்.