அம்மாவின் பெயர் இல்லாத பட்டியல்

எங்கள் அம்மா உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை செத்துப்போனாள். சாகடித்தது நான்தான்.

எனக்கு எட்டு வயது. அன்னூர் பக்கம், பருத்திக்காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எத்தனை தலைமுறையாக அப்படி என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மாகாணத்தை மொழிவாரியாகப் பிரிப்பதைப் பற்றிச் சித்தப்பா தினமும் பேப்பரை உரக்கப் படிப்பார். அப்படியென்றால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். சிரிக்காமல், வெளியாட்களிடம் பேசும் தமிழில் பதில் சொன்னார்.

“தெலுங்கு பேசறவங்கள லாரில ஏத்தி ஆந்திராவுக்கு அனுப்பப் போறாங்க அம்மணி. எனக்கும் உங்கப்பனுக்கும் தமிழ் நல்லா வருது, தப்பிச்சுக்குவோம். உங்கம்மா பாடுதான் திண்டாட்டம்.”

அம்மாவுக்குத் தமிழ் வரும், சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற அளவுக்கு. கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் தெலுங்குதான். அன்றிலிருந்து லாரிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வேன்.

ஓட்டர் லிஸ்ட் எடுக்க ஒரு வெளியூர்க்காரர் சைக்கிளில் வந்தபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். லாரிக்கு ஆள் சேர்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பா பெயரையும் சித்தப்பா பெயரையும் சொன்னேன்.

“அம்மா பேரு என்ன கண்ணு?”

“அம்மா செத்துப்போச்சுங்க.”

அந்த நேரம் பார்த்து, காட்டுக்குள்ளிருந்து அம்மா தெலுங்கில் என்னைக் கூவிக் கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

“பருத்தி எடுக்க வந்தவங்க” என்றேன்.

அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தேர்தல் வந்தது. போன தேர்தலின்போது அம்மாவுக்கு வயது போதவில்லை. இதுதான் அவளுக்கு முதல் ஓட்டு. பெட்டியிலிருந்து கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பூ வைத்துக்கொண்டாள். பக்கத்துத் தோட்டத்து அக்காவோடு வண்டியேறிப் போனவள், சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

“லிஸ்டுல பேரே இல்லைன்னுட்டாங்க. எழுதுனவன் எங்கயோ உட்டுப்போட்டானாட்ட இருக்குதுங்க” என்று அக்காதான் அப்பாவிடம் சொன்னார். அம்மா உள்ளே போய்ப் பட்டுச் சேலையை மடித்து வைத்தாள். பிறகு வெளியே வந்து அப்பாவிடம் தெலுங்கில் கேட்டாள், அந்த அக்கா வீட்டில் எல்லாருக்கும் பெயர் இருக்கிறதே, நான் மட்டும் இந்த ஊர் இல்லையா, தமிழ் சரியாக வராததாலா என்று.

 பதில் தெரிந்த நான் கதவோரம் நின்றிருந்தேன். அன்றும் சொல்லவில்லை, அம்மா இருந்தவரைக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வெளியிடத்தில் அம்மா என்னைத் தெலுங்கில் கூப்பிட்டதே இல்லை. சந்தையிலும் பஸ்ஸிலும், தட்டுத் தடுமாறியாவது தமிழிலேயே பேசினாள். இனி லாரி வந்தாலும் அம்மாவைக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு அப்போது ஒரே சந்தோஷம்.