மருந்து போடாத வெடி

மாதத்தின் கடைசி ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும். அம்மா மாதா கோயில் பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டு நிற்பார். சித்தப்பா கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துப் போடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் நான், கழுத்தில் ஒரு காதுமூடியைத் தொங்கவிட்டபடி.

"ஆண்டவருக்கு ஒரு மணித்தியாலம் இல்லை, வெடி வைக்க ஒரு முழுநாள் இருக்கோ? போறதெண்டால் தனியப் போம். பிள்ளையை ஏன் இழுக்கிறீர்?" என்பார் அம்மா.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதே அண்ணி. அவை சொல்லுறதை எனக்கு ஆர் சொல்லுறது?" என்பார் சித்தப்பா.

இந்த ஒரு வாதம் அம்மாவிடம் எடுபடும். கியூபெக்கின் சென்ட் லோரன்டில் அப்போது எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகள்தான் பெரியவர்களின் வாய். பல் வைத்தியரிடமும் வீட்டுக்காரரிடமும் எனக்குத்தான் வேலை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மொழிபெயர்ப்பாளர். ஆகவே துவக்குச் சுடும் கழகத்துக்கும் நானே போவது என்று தீர்ப்பாகும். அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்.

கழகத்தைச் சித்தப்பாவுக்குக் காட்டியது அவரோடு வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கிய ஒரு வயதான கியூபெக்காரர். பாலத்தைத் தாண்டி முக்கால் மணித்தியாலம் ஓடினால் மேப்பிள் மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டைவெளி, ஒரு தகரக் கூரை, அதன்கீழ் நீட்டு மேசைகள். அங்கே சுடுவது சாதாரணத் துவக்குகள் அல்ல. குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடிக்கும் பழைய காலத்துத் துவக்குகள். மருந்தை அளந்து துவக்கின் குழலுக்குள் கொட்டவேண்டும். துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து நீளத் தடியால் அடிவரை தள்ளவேண்டும். துவக்கின் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கிண்ணத்தில் இன்னும் ஒரு சிட்டிகை மருந்து. பிறகு விசையை இழுத்தால் தீக்கல் உரசும். இவ்வளவும் சரியாக நடந்தால் ஒரேயொரு "டும்". அதன் பிறகு மறுபடி முதலிலிருந்து.

"இவ்வளவு கரைச்சல் பிடிச்ச துவக்கை ஏன் சித்தப்பா விரும்புறீங்கள்?" என்று ஒருதடவை கேட்டேன்.

"இது நான் சொன்னால்தான் வெடிக்கும்" என்றார்.

சொல்வழி கேட்கும் நாய்க்குட்டியை நினைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன்.

எனக்குப் பிடித்தது புகை. ஒரு வரிசை சுட்டு முடிந்ததும் வெள்ளைப் புகை எழும்பி, போக மனமில்லாதது போல வெட்டையின் மேலே படுத்துக்கிடக்கும். சுட்டவர்கள் அதற்குள் கரைந்துபோவார்கள். முதலில் ஒரு தொப்பி திரும்பி வரும், பிறகு ஒரு தாடி, பிறகு அந்தத் தாடிக்குரிய ஆள். அவித்த முட்டை மணமும் வாணவெடி மணமும் சேர்ந்த ஏதோ ஒரு மணம். கோயிலில் தூபம் காட்டும்போது நான் கண்ணை மூடி மிதப்பதுண்டு. இங்கே கண்ணைத் திறந்துகொண்டே மிதந்தேன். மற்றவர்களின் முறை வரும்போது சித்தப்பா கயிற்றுக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நிற்பார். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய கை என் தோளை இறுக்கிப் பிடிக்கும், எனக்கு நோகும் அளவுக்கு. நான் கயிற்றைத் தாண்டி ஓடிவிடுவேன் என்று பயப்படுகிறார் என்பது என் கணிப்பு.

மருந்து இடிப்பதற்குச் சித்தப்பா ஒரு முறை வைத்திருந்தார். அங்கே யாருக்கும் தெரியாத முறை. மங்கள வார்த்தைச் செபத்தைச் சொல்லிக்கொண்டே இடிப்பார். முதல் வரிக்கு மருந்து, இரண்டாம் வரிக்குத் துணியும் குண்டும், மூன்றாம் வரிக்குத் தடி, ஆமெனுக்கு விசை. யுத்தம் நடந்த மன்னாரில் பூசைக்கு உதவிய பழக்கம் அவரது உதட்டை விட்டுப் போகவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் அது ஏதோ கீழைத்தேய மந்திரம் என்று நம்பினார்கள். ஒருவர் தனக்கும் சொல்லித்தரும்படி என்னிடம் கேட்டார். நான் மறுத்துவிட்டேன், ரகசியம் என்று.

அந்த ஒக்டோபர் போட்டி பருவத்தின் கடைசிப் போட்டி. ஐந்து வெடியில் ஐம்பதுக்கு நாற்பது புள்ளி எடுத்தால் அடுத்த வருடம் சித்தப்பா கழகத்தின் முழு உறுப்பினர். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் விருந்தாளி. நாற்பது புள்ளியை அவர் மே மாதத்திலிருந்து துரத்திக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்தேழு என்று அது நழுவிக்கொண்டே போனது.

அன்று மழை தூறியது. நாலு வெடியில் முப்பத்தைந்து! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்னும் ஐந்துதான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் வரும் ஐந்து.

சித்தப்பா ஐந்தாவது வெடிக்கு மருந்தை அளவுக்குழலில் அளந்து கையில் எடுத்தார். உதடு அசையத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கழகத்தின் நடுவர், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பருத்த பெண்மணி, என்னிடம் வந்து உன் சித்தப்பா மத்தியானம் சூப்புக்கு நிற்பாரா என்று கேட்டார். என் தொழில் எனக்கு முக்கியம். உடனே மொழிபெயர்த்தேன்.

"சித்தப்பா! சூப் குடிக்க நிப்பீங்களோ எண்டு கேக்கினம்!"

அவர் காதுமூடியை ஒரு பக்கம் தூக்கி, "ஓம் ஓம்" என்றார். அளவுக்குழலை மேசையில் வைத்தார். பிறகு செபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதாவது, விட்டதாக அவர் நினைத்த இடத்திலிருந்து. இரண்டாம் வரி. குண்டு. தடி. கூரையை விட்டு வெளியே போய்க் கோட்டில் நின்று, கிண்ணத்துக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குறிபார்த்தார்.

ஆமென். கிண்ணத்தில் "புஸ்" என்று ஒரு பொறி. அவ்வளவுதான்.

நடுவர் கையைத் தூக்கினார். வரிசை முழுவதும் அசையாமல் நின்றது. நான் மேசையைப் பார்த்தேன். அளவுக்குழல் விளிம்புவரை மருந்தோடு நின்றது. விதி எனக்குப் பாடம். மே மாதம் அதை மொழிபெயர்த்தவளே நான்தான்: மழையில் மருந்து நனைந்தால் யார் குற்றமும் இல்லை, மறுபடி சுடலாம். மருந்து போட மறந்தால் அந்த வெடிக்குப் பூச்சியம்.

சித்தப்பா கை துடைக்கும் துவாயை எடுத்து அளவுக்குழலின் மேல் போட்டேன்.

"என்ன நடந்தது என்று கேள்" என்றார் நடுவர்.

நான் சித்தப்பாவைக் கேட்கவில்லை. "மழை, மதாம். மருந்து நனைந்துவிட்டது" என்றேன், என் மிகச் சிறந்த பிரெஞ்சில்.

நடுவர் தலையாட்டினார். பிந்தி வெடிக்கக்கூடும் என்று எல்லோரையும் பொறுத்திருக்கச் சொன்னார். பன்னிரண்டு பேர் என் பொய்க்காகத் தூறலில் நனைந்துகொண்டு நின்றார்கள். சித்தப்பா துவக்கை இலக்கை நோக்கிப் பிடித்தபடி தலையை மட்டும் திருப்பினார். மேசையைப் பார்த்தார், துவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மழை இல்லை, மதாம்" என்றார். பிரெஞ்சில்! "மருந்து போட மறந்துபோனேன். பிழை என்னுடையது."

உச்சரிப்புக் கொஞ்சம் வளைந்திருந்தது. மற்றப்படி ஒரு பிழையும் இல்லை.

நடுவர் துவக்கின் பக்கத்துத் துளைக்குள் கொஞ்சம் மருந்தைத் தட்டித் தட்டி அனுப்பி, மறுபடி விசையை இழுக்கச் சொன்னார். குண்டு பத்தடி போய்ப் புல்லில் விழுந்து உருண்டது. பன்னிரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். மருந்து மறந்தவருக்கு அங்கே ஒரு தண்டனை உண்டு. மருந்து அடைத்துவைக்கும் மாட்டுக்கொம்பை வெறுமையாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சூப் பரிமாறவேண்டும். சித்தப்பா பரிமாறினார். அந்தக் கொம்பைத் தாங்கள் எத்தனை தடவை கட்டினோம் என்று கிழவர்கள் ஒவ்வொருவராக அவருக்குச் சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். ஒரு சொல்லுக்கும் என்னைத் தேடவில்லை. நான் மூலையில் இருந்து பட்டாணிச் சூப்பை வெறுத்தேன்.

கார் பாலத்தில் ஏறியது. என் வாயிலிருந்து எல்லாம் ஒன்றாகக் கொட்டியது.

"நான் காப்பாத்தினன், நீங்கள் கெடுத்துப்போட்டீங்கள். இன்னும் ஒரு வருசம்! பிரெஞ்சு தெரியுமெண்டால் என்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"பின்னேர வகுப்புக்குப் போறனான். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். கண்ணாடி துடைப்பான் இரண்டு மூன்று தடவை போய்வந்தது. "நீ பக்கத்திலை நிக்காட்டில் நான் முதல் வெடியோடையே காருக்கு ஓடி வந்திருப்பன்."

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். கோபம் பாதி இறங்கிவிட்டது. பெரிய மனுசி மாதிரி அவருடைய தோளில் தட்டி, "பயப்பிடாதேங்கோ, அடுத்த வருசமும் வாறன்" என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காரின் வேகத்தைக் குறைத்து, என் பக்கம் திரும்பி, "ஓம், வா" என்றார். ஒரு பகிடிக்கு ஏன் அவ்வளவு கவனமாகப் பதில் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.