வாசிக்காத இசைக்குழு

பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 57. ஒரு படைப்பின் உரிமையை முழுதாகவோ பகுதியாகவோ பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், அது தம்முடைய படைப்பு என்று கோரும் உரிமை படைத்தவருக்கு உண்டு. நான் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே என் விஷயத்தில் இந்தப் பிரிவு இன்னும் அழுத்தமாகப் பொருந்தியிருக்க வேண்டும்.

பணியில் இருந்த காலம் முழுவதும் சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். கல்லூரி நாட்களில் மதுரையில் மேற்கத்திய இசைத் தேர்வுகள் எழுதியிருக்கிறேன் என்பதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பிரிவு உபசார விழாவுக்கெல்லாம் பாடச் சொல்லியிருப்பார்கள். ஓய்வு பெற்ற பின் ஒரு நல்ல கணினியும், ஒரு கீபோர்டும், வாத்தியங்களின் ஒலிப்பதிவுத் தொகுப்புகளும் வாங்கினேன். எங்கோ ஐரோப்பாவில் ஓர் அரங்கில் வயலின்காரர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை, வில்லை மேலே இழுத்து, கீழே இழுத்து, நரம்பை விரலால் சுண்டி என்று வாசித்துப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். விருதுநகரில் பின்கட்டு அறையில் இருந்துகொண்டு அந்தச் சுரங்களைக் கோத்து நான் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறேன். பட்டனைத் தட்டினால் பாட்டு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் வந்து தட்டிப் பார்க்கலாம். ஒரே சுரத்தை நாலு முறை அடுக்கினால் தையல் மெஷின் ஓடுவதுபோல் இருக்கும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் தணித்து வைக்க வேண்டும். புல்லாங்குழல்காரன் மூச்சு வாங்க இடம் விட வேண்டும். அங்கே மூச்சு வாங்க ஆள் இல்லை. ஆனாலும் விடுவேன். விடாவிட்டால் கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும்.

என் மனைவிக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு.

"அம்பது பேர வீட்டுக்குள்ள வச்சிருக்கீக. ஒருத்தன் காபி கேக்க மாட்டேங்கான். அந்த ஒரு புண்ணியம் போதும்."

உறவினர்களின் அபிப்பிராயம் இவ்வளவு நாகரிகமானது அல்ல. வீட்டு விசேஷங்களில் என்னைக் கண்டால், "கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறீகளாமே?" என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு சபையில், ஒலிபெருக்கியில், இந்த இசை இவர் இயற்றியது என்று ஒரு முறை சொல்ல வேண்டும். என் பெயரை எனக்குத் தெரியும். மற்றவர்கள் கேட்க வேண்டும்.

சிவகாசியில் பட்டாசு ஆலை வைத்திருக்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தது அப்படி ஒரு சமயத்தில்தான். அலுவலகக் காலத்திலிருந்தே பழக்கம். சித்திரை முடிந்ததும் அவருடைய டீலர்களை ஊருக்கு வரவழைத்து, புதிய பேன்சி ரகங்களை வானத்தில் விட்டுக் காட்டி, சீசனுக்கு ஆர்டர் பிடிப்பது வழக்கம். இந்த முறை வெடிக்குப் பின்னால் பெரிய இசை வேண்டுமாம்.

"சார், சும்மா சினிமாப் பாட்டு போட்டா எல்லா கம்பெனி மாதிரியும் ஆயிரும். நம்ம ரகத்துக்குன்னே புதுசா ஒண்ணு போட்டுத் தாங்க."

"தர்றேன். காசு வேண்டாம். ஆனா மைக்ல பேரச் சொல்லணும்."

"பேருதான சார்? ஒரு தடவ என்ன, ஒம்பது தடவ சொல்லிருவோம்."

இதை அன்றே எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்று என் மனைவி இப்போதும் சொல்கிறாள். வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறவரிடம் முத்திரைத்தாளை நீட்டுகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

குண்டு மேலே ஏறும் நேரம், விரியும் நேரம், பொரி உதிர்ந்து அடங்கும் நேரம் எல்லாம் ரகத்துக்கு ரகம் மாறும். அவர் ஆலையில் வீடியோ எடுத்து அனுப்பினார். அதை ஓட விட்டுக்கொண்டே எழுதினேன். குண்டு ஏறும்போது வயலின்கள் கூடவே ஏறும். வெடிப்பதற்குச் சற்று முன் எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். அந்த மௌனத்தில் வெடி விழும். அதாவது பட்டாசையும் ஒரு வாத்தியமாக வைத்து எழுதினேன்.

டீலர் கூட்டத்தன்று சிவகாசிக்கு வெளியே ஒரு பொட்டலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தால், வெடி விடும் இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேடை. மேடையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு கூட்டம், கையில் வயலின். முதலாளியின் மைத்துனர் வெள்ளைக் கோட்டில், கையில் குச்சியோடு நின்றார். அவர் கல்யாண வீடுகளுக்குப் பாட்டுக் கச்சேரிக் குழு அனுப்புகிறவர். அந்தக் குழுவில் இரண்டொருவருக்கு வயலின் தெரியும். மற்றவர்கள் டிரம்ஸ்காரர்கள், லைட்காரர்கள், ஒருவர் வேன் டிரைவர்.

"இது என்ன?" என்றேன் முதலாளியிடம்.

"ஆளு இல்லாம சத்தம் மட்டும் வந்தா டீலருக நம்ப மாட்டாங்க சார். கண்ணுக்கு ஒரு உருவம் வேணும்ல? அவுக பாட்டுக்கு ஆட்டட்டும். சத்தம் உங்களுதுதான்."

பாதுகாப்புக்காக மேடையை அவ்வளவு தூரத்தில் போட வேண்டியிருந்தது. அந்தத் தூரம் அவர்களைக் காப்பாற்றியது. வயலின்கள் நின்று மௌனம் வர வேண்டிய இடத்தில் அத்தனை பேரும் வில்லைச் சுறுசுறுப்பாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பைச் சுண்டும் இடத்திலும் இழுத்தார்கள். ஒரு டீலர்கூடக் கவனிக்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் மைக்கில் மைத்துனரின் பெயரைச் சொன்னார்கள். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். என் பெயரைச் சொல்லவில்லை.

"பரபரப்புல விட்டுப் போச்சு சார்" என்றார் முதலாளி.

அங்கே ஒருவர் மட்டும் மேடையைப் பார்த்திருந்தார். கோயம்புத்தூர் டீலர். முதலாளியின் மகளை அவர் மகனுக்குப் பேசி முடித்திருந்தது. அவர் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் சம்பந்தி, கல்யாணத்துக்கு வேற எதுவும் வேண்டாமுங்க. இந்த ஆளுகளை அப்படியே மண்டபத்துக்குக் கூட்டிட்டு வந்துருங்க. நான் மொத வரிசைல உக்காந்து பாக்கோணும்."

பொட்டலில் இருந்த தூரம் மண்டபத்தில் கிடையாது. முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு குத்துவிளக்குதான் இருக்கும். ஆகவே இந்த முறை உண்மையாகவே வாசிக்கிற ஆட்கள் வேண்டும். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூட்டி வரலாம். ஆனால் அவர்கள் எதைப் பார்த்து வாசிப்பார்கள்? ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதிய சுரத்தாள் என் கணினியில் மட்டும்தான் இருந்தது. அவர்களிடம் இருந்தது வெறும் ஒலிப்பதிவு.

நான் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் முறைப்படி. மேற்படி இசை என்னால் இயற்றப்பட்டது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, திருமண மேடையில் அதை அறிவிப்பதாகவும் உறுதி அளித்தால், சுரத்தாள்களை மறுநாளே ஒப்படைக்கத் தயார். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது, கையெழுத்தோடு. பதில் வரவில்லை. மைத்துனர் வந்தார்.

"சார், அந்த நோட்ஸ மட்டும் குடுத்துருங்க. அச்சடிக்கிற வேலைய நாங்க பாத்துக்கிடுதோம். நம்ம ஊர்ல பிரஸ்ஸுக்கா பஞ்சம்?"

"பதில் வரட்டும்."

"என்ன பதிலு?"

"உங்க மச்சான் எனக்கு எழுத வேண்டிய பதில்."

"எம்புட்டு வருசப் பழக்கம் சார்! நேர்ல பேசுத விஷயத்துக்கு எதுக்கு லெட்டரு?"

"பழக்கத்துக்கு நகல் எடுக்க முடியாது."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொல்லித்தான் இவுக இம்புட்டு நாள் நடந்தாகளா? ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போங்களேன். உங்களுக்கு என்ன கை வலிக்குதா?"

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்பது கல்யாணப் பத்திரிகை வந்தபோது புரிந்தது. வரவேற்பு நிகழ்ச்சிக்குக் கீழே தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: தாய்மாமன் சீராக மாபெரும் இசை விருந்து. மைத்துனர் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். ஊரில் மற்ற தாய்மாமன்கள் நகையும் பட்டும் தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு எடுத்து வருவார்கள். இவர் என் இசையை எடுத்து வருகிறார். சீரில் இன்னொருவன் பெயர் இருக்க முடியுமா?

ஆவணிக் கடைசி முகூர்த்தம். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பதில் ஒருவேளை நேரில் கிடைக்கலாம் என்று போனேன். மேடையில் அதே கறுப்புக் கோட்டுகள். மதுரைக்காரர்கள், சென்னைக்காரர்கள் ஒருவரும் இல்லை. சுரத்தாள் கிடைக்காததால் பழைய ஆட்களே. ஆனால் சம்பந்தி கிட்டத்தில் உட்காருவாரே, வில் நரம்பில் பட்டால் தாறுமாறாகச் சத்தம் வருமே என்று ஒரு வேலை செய்திருந்தார்கள். வில்லில் கட்டிய குதிரைமுடியில் சோப்பைத் தேய்த்துவிட்டிருந்தார்கள். சோப்புப் பட்ட வில் நரம்பில் வழுக்கிக்கொண்டு போகும். சத்தம் வராது. என் ஒலிப்பதிவு பெட்டிகளில் முழங்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தி முதல் வரிசையில் உட்காரவில்லை. எழுந்து மேடை ஏறி, வேன் டிரைவருக்குப் பக்கத்தில் போய், வயலினிடம் காதைக் கொண்டுபோனார். எனக்கு ஒரு விநாடி சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு பதமா வாசிக்கிறாங்களே! கிட்ட நின்னா சத்தமே இல்லீங்க. ஆனா மண்டபம் பூராக் கேக்குது!"

"வெளிநாட்டு மைக்கு சம்பந்தி" என்றார் முதலாளி.

இசை முடிந்தது. அறிவிப்பாளர் மைக்கை எடுத்தார். "இந்த இசையை இயற்றி நடத்தியவர், மணமகளின் அருமைத் தாய்மாமன்..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன். நடுவழியில் நடந்தேன். அந்த மைக்கை வாங்கி நான் இரண்டே வாக்கியம் பேசியிருந்தால் போதும். சம்பந்தி மேடையிலேயே நின்றுகொண்டிருந்தார். வில்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் அவரே தொட்டுப் பார்த்திருப்பார். முதலாளி அதைக் கண்டுகொண்டார். பந்தியை மேற்பார்க்கிறவர்போல் சிரித்துக்கொண்டே வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"சார், சாப்பிட்டீகளா?"

"பதில் எங்க?"

"அதுக்குத்தான் வந்தேன். லெட்டர் போட்டாச்சு சார். நீங்க கேட்டது அம்புட்டும் அதுல இருக்கு. தபால்ல வந்துக்கிட்டு இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் சபைல மச்சினன விட்டுக்குடுக்க முடியாதுல்ல? சீருன்னு பத்திரிகைல அடிச்சாச்சு. பிள்ள கழுத்துல தாலி ஏறி ஒரு நாள் ஆகல."

"எப்பப் போட்டீக?"

"அதெல்லாம் போன வாரமே."

அனுப்பப்பட்ட கடிதம் வழியில் இருக்கும்போது, பதில் வரவில்லை என்று சபையில் புகார் சொல்லக் கூடாது. இது நான் எத்தனையோ மனுதாரர்களுக்குப் படித்துச் சொன்ன நியாயம். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மைத்துனர் குனிந்தார். கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், "நீங்களும் ஏதோ கம்ப்யூட்டர்ல மியூசிக் பண்ணுவீகளாமே, இத மாதிரி ஒண்ணு முயற்சி பண்ணுங்க" என்றார். நான் பந்திக்குப் போனேன். பாயசம் நன்றாக இருந்தது. அதையும் தாய்மாமன் கிண்டினார் என்று சொன்னால் நம்புவதற்கு அங்கே ஆள் இருந்தது.

கடிதம் வந்தது. கம்பெனி முகவரித் தாள், தெளிவான தட்டச்சு, முத்திரை, முதலாளியின் கையெழுத்து. மேற்படி இசை முழுவதும் தங்களால் இயற்றப்பட்டது என்பதை இதன்மூலம் உறுதி செய்கிறோம், திருமண மேடையில் தங்கள் பெயர் அவசியம் அறிவிக்கப்படும். ஒரு வார்த்தை குறையில்லை. கடிதத்தில் போட்டிருந்த தேதி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தியது. உறையின் மேல் தபால் அலுவலக முத்திரை கல்யாணத்துக்கு மறுநாள்.

என் மனைவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடுத்த முகூர்த்தம் இனிமே ஐப்பசிலதான்" என்றாள்.

சிவப்புப் பேனாவை எடுத்து, கடிதத்தின் மேல் மூலையில் எழுதினேன்: வரப்பெற்றது, செப்டம்பர் 17, புரட்டாசி முதல் தேதி.