நோட்டீசின் பின்பக்கம்

விரல் நுனியை ஈரப் பஞ்சில் தொட்டு, தாள்களை விசிறிபோல் விரித்து, தட்டி நேராக்கி, மெஷினுக்குள் வைத்தாள். கல்லூரி வாசலுக்கு எதிரே பன்னிரண்டு வருடமாக இந்தக் கைகளுக்கு இதே வேலைதான். கடல் கடந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு அவள் ஜெராக்ஸ் அக்கா. பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகும். எந்த வீட்டு ஒப்பந்தத்தில் நான்கு பேர், உள்ளே படுப்பவர்கள் எத்தனை பேர் என்பதும் அவளுக்கு அத்துப்படி.

அன்று அவள் எடுத்தது அவளே எழுதிய நோட்டீஸ். "நீங்களும் இந்தத் தெருவில்தான் இருக்கிறீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கொடுங்கள். நீங்கள் சொல்வது யாருக்கும் போகாது." எழுதச் சொன்னது கணக்கெடுப்பு அலுவலர் அம்மாள். தெருவில் தலை எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தொடாவிட்டால் முனையில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

அவள் புருஷன் பஸ் ஓட்டியவன். சர்க்கரைப் புண்ணுக்கு வாரம் மூன்று நாள் அங்கேதான் கட்டு மாற்றுகிறான். அதை விட்டால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் அட்டைப்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஊரையே எண்ணப் போறியாக்கும். முதல்ல என் கால் விரலை எண்ணி வச்சுக்கோ. அடுத்த தடவை குறையும்."

"வாயைக் கழுவுங்க. காலை எடுங்க, பேப்பர் வேணும்."

பெட்டிக்குள் கோணலாகவும் மங்கலாகவும் விழுந்து வீணான நகல்கள் கிடந்தன. ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் தாளைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. இருநூறு தாளை அள்ளி, அவற்றின் முதுகில் நோட்டீசை அடித்தாள்.

நீலக் கதவு வீட்டு நெட்டைப் பையன்தான் முதலில் வாங்கியவன். ஒப்பந்தத்தில் நாலு பேர் உள்ள அந்த வீட்டில் இருப்பது பதினோரு பேர்.

"வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பொட்டியைக் கட்டணும்க்கா."

"யார் கைக்கும் போகாதுடா. அதுக்குச் சட்டமே இருக்கு."

"நீங்க சொன்னா சரி. எல்லாரையும் எழுதிடறேன்."

"அடுப்படியில படுக்கிறவனையும் சேர்த்தா?"

"அவனைத்தான் முதல்ல."

அவள் சிரித்தாள். புருஷனும் சிரித்தான்.

மூன்றாம் நாள் நெட்டை வந்து ஒரு நோட்டீசைக் கவுண்டர் மேல் கவிழ்த்து வைத்தான். பின்பக்கத்தில் பாஸ்போர்ட் நகல். ஒரு பெண்ணின் முகம் பாதி கறுத்திருந்தது. பெயரும் எண்ணும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"எங்க கிளாஸ் பொண்ணுக்கா. இந்தத் தாள் பஸ் ஸ்டாப்ல காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. யாருக்கும் போகாதுன்னு அந்தப் பக்கம் எழுதியிருக்கு. இந்தப் பக்கம் இது."

அவள் கடையைச் சாத்திவிட்டு, நோட்டீசுகளைத் திரும்ப வாங்கத் தெருத்தெருவாக அலைந்தாள். நூற்று அறுபது தாள் திரும்பி வந்தது. மீதி யார் வீட்டில், யார் பையில் என்று தெரியவில்லை. பாஸ்போர்ட் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பெண் திட்டவில்லை. தாளை எட்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

கணக்கெடுப்பின் கடைசி நாள் நெட்டை நிரப்பிய படிவத்தோடு வந்தான். எதை நிரப்பினாலும் நகல் எடுத்து வைப்பது அவன் பழக்கம். கண்ணாடி மேல் வைக்கும்போது அவள் பார்த்தாள். நான்கு பெயர்.

"பதினொன்னுடா."

"ஒப்பந்தத்துல நாலுதானேக்கா."

"ஆஸ்பத்திரியை மூடிடுவாங்க. இவரோட கால்..."

நெட்டை அந்தக் காலைப் பார்த்தான். கட்டுத் துணியில் மஞ்சள் கசிந்திருந்தது.

"என் ஒருத்தன் பாடுன்னா எழுதியிருப்பேன். இன்னும் பத்து பேர் இருக்காங்கக்கா."

"விடும்மா. அவனை ஏன் போட்டுப் படுத்தறே?" என்றான் புருஷன்.

அவள் நகலைக் கொடுத்தாள். பழுதான இன்னொன்று வெளியே வந்திருந்தது. அதை நான்காகக் கிழித்தாள்.

சாயங்காலம் அலுவலர் அம்மாள் வந்தார். கடையில் கொடுக்கச் சொல்லியிருந்த படிவக் கவர் பாதி வீடுகளிலிருந்து வரவே இல்லை. வந்தவற்றில் எத்தனை வீட்டில் பதினொன்று நாலாகியிருக்கும் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. கவர்களைத் தட்டி நேராக்கி, நூலைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, முடிச்சை இரண்டு முறை இறுக்கி, கவர்க் கட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அந்த அம்மாள் அதை ஒரு கையிலேயே வாங்கிக்கொண்டார்.